மேலே ஏற்றப்படுகிறவன் யார்?

கொடி பற்றி எழுதியிருக்கிறோம். பறை பற்றி, சுவரெழுத்து பற்றி, துண்டறிக்கை பற்றி எழுதியிருக்கிறோம். நம் பேச்சையும் பாட்டையும் திடலின் கடைசி ஆள் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கிற ஒலிபெருக்கி பற்றி மட்டும் எழுதுவதில்லை. அது எதில் தொங்குகிறது, எவ்வளவு எடை, யார் ஏறிக் கட்டுகிறான், அறுந்தால் யார் தலையில் விழும் என்பதெல்லாம் "சவுண்டு செட்டுக்காரன் பாத்துப்பான்" என்று தள்ளிவிடுகிற சங்கதிகள். அப்படித் தள்ளிவிட எனக்குச் சம்மதமில்லை. கனமான ஒரு பொருளைக் கூட்டத்தின் தலைக்கு மேல் தூக்கி நிறுத்தும்போது மூன்று கேள்விகள் வருகின்றன. கீழே நிற்கிறவர்கள் யார்? மேலே ஏற்றப்படுகிறவன் யார்? இதற்குப் பொறுப்பு யார்? மூன்றும் அரசியல் கேள்விகள்தான் தோழர்களே.

பள்ளிகொண்டாவிலிருந்து பேசுகிறேன். ஒரு பக்கம் பெங்களூர் நெடுஞ்சாலை, சுங்கச்சாவடி. இன்னொரு பக்கம் பாலாறு என்ற பெயரில் வருஷத்தில் முக்கால்வாசி நாள் வெறும் மணல். வேலூரிலிருந்து ஆம்பூர், வாணியம்பாடி வரை நீளுகிற தோல் பூமி. நம் தெருப் பிள்ளைகளில் ஒரு பகுதி ஷூ கம்பெனிக்கும் தோல் ஷெட்டுக்கும் போகிறது. மீதி லோடு ஏற்றுகிறது, பெயிண்ட் அடிக்கிறது, பந்தல் போடுகிறது, சவுண்டு செட்டில் 'பையனாக'ச் சேருகிறது. நாற்பது வயசானாலும் அங்கே அவன் பையன்தான்.

முன்பு குழாய் ஸ்பீக்கர். சவுக்குக் கம்பத்து உச்சியிலோ வேப்ப மரத்திலோ ஏறிக் கயிற்றால் கட்டிவிட்டு இறங்கினால் முடிந்தது. எடை சில கிலோ. அப்புறம் பெட்டிகள் வந்தன, தரையில் அடுக்கினோம். இப்போது 'லைன் அரே'. 1992-இல் பிரான்சின் எல்-அக்கூஸ்டிக்ஸ் கம்பெனி இந்த முறையில் ஒரு செட்டைக் கொண்டுவந்தது. அதற்குப் பிறகு உலகமெங்கும் பெரிய மேடைகளின் இரண்டு பக்கமும் வாழைத்தார் போல வளைந்து தொங்குகிற பெட்டிகள் வழக்கமாகிவிட்டன. சின்னப் பெட்டி இருபது முப்பது கிலோ, பெரியது நூறு கிலோ. பக்கத்துக்கு எட்டுப் பெரிய பெட்டி, அவற்றைத் தாங்கும் இரும்புச் சட்டம், ஒயர், செயின் பிளாக் எல்லாம் சேர்த்தால் அரை டன்னுக்குக் குறையாமல் அந்தரத்தில் நிற்கிறது.

தொங்கவிடுவதே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. தரையில் அடுக்கினால் முன்வரிசைக்காரன் காது கிழியும், கடைசியில் நிற்கிறவனுக்கு ஒன்றும் விளங்காது. உயரத்தில் வளைத்துத் தொங்கவிடும்போது மேல்பெட்டி தூரத்தைப் பார்க்கிறது, கீழ்ப்பெட்டி கிட்டத்தைப் பார்க்கிறது. முதல் ஆளும் கடைசி ஆளும் ஏறக்குறைய ஒரே சத்தத்தில் கேட்கிறார்கள். காலங்காலமாகக் கடைசியில் நிறுத்தப்பட்டவர்களுக்கு இதன் அருமை தெரியும். 2018 ஜனவரியில் சென்னையில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடை ஏறியது. பிறகு 'மார்கழியில் மக்களிசை' வந்தது. கானாவும் பறையும் பெரிய மேடைக்கு வந்தன. வரட்டும், இன்னும் வரட்டும். மேடை பெரிசானால் தலைக்கு மேல் தொங்கும் பாரமும் பெரிசாகிறது என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும் என்கிறேன்.

கர்ட்டிஸ் மேஃபீல்டு என்ற பெயரை மாணவத் தோழர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும். சிகாகோவின் கறுப்பினப் பாடகர். அறுபதுகளில் அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்துக்குப் பாட்டாக நின்றவர். 1990 ஆகஸ்ட் 13 அன்று நியூயார்க்கின் புரூக்ளினில் திறந்தவெளி நிகழ்ச்சி. அவர் மேடைக்கு வந்த நேரத்தில் காற்று வீசியது. மேலே விளக்குகளைத் தாங்கி நின்ற சட்டம் சரிந்து அவர் மேல் விழுந்தது. கழுத்துக்குக் கீழே உடம்பு அசையவில்லை. கிடாரை மறுபடியும் வாசிக்க முடியவில்லை. 1996-இல் வந்த அவருடைய கடைசி இசைத்தொகுப்பை மல்லாந்து படுத்தபடி ஒவ்வொரு வரியாகப் பாடிப் பதிவு செய்தார்கள். 1999-இல் இறந்துபோனார். நிறவெறியால் வாயடைக்க முடியாத மனுசனைத் தலைக்கு மேல் நின்ற இரும்பு கிடத்திவிட்டது.

இது ஏன் நடக்கிறது? தலைவிதி இல்லை, கணக்கு. கணக்கு தெரிந்தவர்களுக்கு இது புதிதில்லை. நம் திடல்களில் யாரும் இதைப் பேசுவதில்லை என்பதால் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

ஒரு பாரத்தை இரண்டு பெல்ட்டில் தூக்கினால் ஒவ்வொன்றுக்கும் பாதிப் பாரம் என்று நினைக்கிறோம். இரண்டும் நேராகத் தொங்கினால்தான் அது சரி. நடுவில் 90 டிகிரி விரிந்தால் ஒவ்வொரு பெல்ட்டும் மொத்தப் பாரத்தில் சுமார் 70 விழுக்காட்டைத் தாங்குகிறது. 120 டிகிரி விரிந்தால் ஒவ்வொன்றும் முழுப் பாரத்தையும் தாங்குகிறது. உயரம் போதவில்லை என்று பெல்ட்டை அகலமாக விரித்துக் கட்டுகிற இடத்தில் ஆபத்து சத்தமில்லாமல் இரட்டிப்பாகிவிட்டது. கீழேயிருந்து பார்த்தால் எல்லாம் ஒழுங்காகத்தான் தெரியும்.

போல்ட் இன்னொன்று. தலையில் 8.8 என்று எழுதிய போல்ட்டும், கடையில் சாதாரணமாகக் கிடைக்கிற 4.6 தரப் போல்ட்டும் பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். இழுத்து அறுக்க வேண்டிய விசையில் இரண்டு மடங்கு வித்தியாசம். ஐ-போல்ட்டை நேராக இழுத்தால் ஒரு பலம். சாய்த்து இழுத்தால் பலம் பாதிக்கும் கீழே போய்விடும். கம்பிவடத்தை மடக்கிக் கிளாம்பு போடும்போது 'ப' போல வளைந்த துண்டு, வெட்டிய நுனிப் பக்கம் உட்கார வேண்டும். பாரம் தாங்குகிற வடத்தின் மேல் தட்டையான பிடிதான் உட்கார வேண்டும். மாற்றிப் போட்டால் தாங்குகிற வடத்தையே அது நசுக்கும். ஒரு கிளாம்பு போதாது, குறைந்தது மூன்று வேண்டும். பெட்டியின் கைப்பிடி ஆள் தூக்குவதற்கு வைத்தது. அதில் கயிறு கோர்த்துத் தொங்கவிடுவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கேட்டதற்கு வந்த பதில்: "அதெல்லாம் நிக்கும்பா, போன வருஷமும் இப்டித்தான கட்னோம்."

போன வருஷம் நின்றது என்பது இந்த வருஷத்துக்குச் சாட்சியம் ஆகாது. நைலான் கயிறும் பாலியஸ்டர் பெல்ட்டும் வெயிலில் கிடந்தே பலம் இழக்கும். சூடான விளக்குக்குப் பக்கத்தில் இருந்தால் உருகும். பெல்ட்டுக்கு நிறக்கணக்கு உண்டு: ஊதா 1 டன், பச்சை 2 டன், மஞ்சள் 3 டன். அதோடு தைத்த சீட்டில் தாங்கும் எடை எழுதியிருக்கும். சீட்டு கிழிந்த பெல்ட்டுக்கு அடையாளம் இல்லை. நூல் பிரிந்த பெல்ட்டுக்கு உயிர் இல்லை. ஆள் தலைக்கு மேல் தொங்கும் பாரத்துக்கு, அறுந்துபோகும் அளவு பாரத்தின் ஐந்து மடங்காவது இருக்க வேண்டும், பொருளைப் பொறுத்து ஏழு, பத்து மடங்கு வேண்டும் என்பது இந்தத் தொழிலின் பாலபாடம். ஒரு டன் தொங்கவிட ஒரு டன்னில் அறுகிற கயிற்றை எடுக்கிறவன் கொலைக்கு ஏற்பாடு செய்கிறான்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி: ஒன்று அறுந்தால் இன்னொன்று பிடிக்க வேண்டும். செயின் பிளாக் தூக்குவதற்கு. தூக்கி நிறுத்திய பிறகு வேறு இடத்தில் மாட்டிய தனி எஃகு வடம் ஒன்று, தொய்வில்லாமல், அதே பாரத்தைத் தாங்கத் தயாராக நிற்க வேண்டும். ஒரு முழம் தொய்வு விட்டால், விழுகிற வேகத்தில் வடத்துக்கு வரும் இழுப்பு எடையைப் போலப் பல மடங்காகிவிடும். அப்போது அந்த வடமும் அறும்.

இரும்பு மட்டும் இல்லை, மண்ணையும் பார்க்க வேண்டும். ஆற்றோர மணலில் ட்ரஸ் கோபுரத்தின் கால் ஒரு பக்கம் இரண்டு விரக்கடை இறங்கினால் உச்சி எவ்வளவு சாயும் என்று யோசியுங்கள். காலுக்கு அடியில் அகலமான பலகை, மட்டம், நாலு பக்கமும் இழுத்துக் கட்டிய கம்பி, அடியில் பாரம் எல்லாம் வேண்டும். காற்றையும் பார்க்க வேண்டும். வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நாலு மடங்காகும். ஃபிளெக்ஸ் கட்டிய ட்ரஸ் கப்பலின் பாய் மாதிரி. நம் பெரிய கூட்டங்கள் எப்போது வருகின்றன? ஏப்ரல் 14, கோடை இடியும் புழுதிக் காற்றும் வருகிற பருவம். டிசம்பர் 6, புயல் பருவம். இரண்டு நாளும் நமக்கு முக்கியம். இரண்டிலும் வானம் நம் பக்கம் இருக்கும் என்று சொல்ல முடியாது. மின்கம்பியையும் அண்ணாந்து பார்க்க வேண்டும். 2022 ஏப்ரலில் தஞ்சாவூர் களிமேட்டில் தேர் உயர் அழுத்தக் கம்பியில் பட்டுப் பதினொரு பேர் செத்தார்கள். ட்ரஸும் இரும்புதான், சேதி தெரிந்துகொண்டு விலகிப்போகாது.

இனி பொறுப்பு. 2020 பிப்ரவரி 19 இரவு, சென்னைக்கு வெளியே ஈ.வி.பி. பிலிம் சிட்டியில் 'இந்தியன் 2' படப்பிடிப்புத் தளம். கனமான விளக்குகளைத் தூக்கி நிறுத்தியிருந்த கிரேன் சரிந்தது. ஓர் உதவி இயக்குநரும் இரண்டு தொழிலாளிகளும் செத்தார்கள். இயக்குநரையும் கதாநாயகனையும் போலீஸ் விசாரித்தது. கைது செய்தது கிரேன் ஓட்டுநரை. 2023 ஜனவரி 22, நம் பக்கத்து ராணிப்பேட்டை மாவட்டம் கீழ்வீதி. கோயில் திருவிழாவில் சாமிக்கு மாலை போட ஆட்களை ஏற்றிய கிரேன் கவிழ்ந்து நாலு பேர் செத்தார்கள். அங்கேயும் போலீஸ் கை முதலில் போனது ஓட்டுநர் சட்டைக்குத்தான். ஓட்டுநருக்குப் பங்கில்லை என்று சொல்லவில்லை. அந்த இயந்திரம் அந்த வேலைக்கு ஏற்றதா, அந்தத் தரை தாங்குமா, அதற்கு அடியில் ஆட்கள் இருக்கலாமா என்று முடிவெடுக்கிற இடத்தில் அவர் இருந்தாரா? கூலி வாங்குகிறவனுக்குப் பொறுப்பு, கூலி கொடுக்கிறவனுக்கு அனுதாபம் என்பது எந்த ஊர் நியாயம்?

வெளிநாட்டிலும் கதை இதேதான், ஆனால் விசாரணை முழுசாக நடக்கிறது. ஹாங்காங்கில் 2022 ஜூலை 28 அன்று 'மிரர்' குழுவின் நிகழ்ச்சியில் மேலே தொங்கிய வீடியோ திரை நடனக் கலைஞர்கள் மேல் விழுந்தது. அரசு விசாரித்தபோது கம்பிவடம் தரமில்லாதது என்று தெரிந்தது. அதைவிட முக்கியமாக, தொங்கவிட்ட சாமான்களின் எடையைக் குறைத்துச் சொல்லியிருந்தார்கள் என்றும் தெரிந்தது. அமெரிக்காவின் இந்தியானா மாநிலக் கண்காட்சியில் 2011 ஆகஸ்ட் 13 அன்று புயல்காற்றில் மேடைக் கூரை சரிந்து ஏழு பேர் செத்தார்கள். காற்று வருகிறது என்று தெரிந்திருந்தது. நிகழ்ச்சியை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் யார் கையில் என்பதுதான் தெளிவாக இல்லை என்றது விசாரணை. ஒன்றில் எடை பொய். இன்னொன்றில் 'நிறுத்து' என்று சொல்ல ஆள் இல்லை. நம் திடல்களில் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன.

சட்டம் என்ன செய்கிறது? 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இருக்கின்றன. ராத்திரி பத்து மணி அடித்தால் போலீஸ் வந்து ஒயரைப் பிடுங்கும். சேரியில் சத்தம் என்றால் இன்னும் சீக்கிரம் வரும். சத்தத்தை அளக்கக் கருவி இருக்கிறது. அந்தச் சத்தம் எந்த போல்ட்டில் தொங்குகிறது என்று ஒரு தடவையாவது யாராவது வந்து பார்த்ததாக எனக்கு நினைவில்லை. தோல் ஷெட்டுக்குள் ஒரு செயின் பிளாக் இருந்தால், அதைத் தகுதியான ஆள் வருஷத்துக்கு ஒரு தடவையாவது முழுசாகச் சோதித்துப் பதிவு செய்ய வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 29-ஆவது பிரிவே சொன்னது. எத்தனை ஷெட்டில் செய்தார்கள் என்பது வேறு கதை. அதே செயின் பிளாக் ஷெட்டின் கேட்டைத் தாண்டி ஆயிரம் பேர் தலைக்கு மேல் தொங்க வரும்போது கேட்பார் இல்லை. பிரிட்டனில் 1998 முதல் இருக்கிற தூக்குகருவி விதிப்படி பெல்ட், ஷாக்கிள் போன்றவற்றை ஆறு மாசத்துக்கு ஒரு தடவை சோதிக்க வேண்டும். தூக்கும் வேலையைத் தகுதியான ஒருவர் முன்கூட்டியே திட்டமிட வேண்டும். அங்கே அது தொழில். இங்கே அது 'ஏறுடா'.

இந்த 'ஏறுடா'வைத்தான் நான் முக்கியமாகப் பேச வேண்டும். நம் ஆட்களைக் கீழே இறக்குவது பற்றிப் பேசிப் பேசி ஓய்ந்திருக்கிறோம். மலக்குழிக்குள் இறக்குவதை 2013-இல் மறுபடியும் சட்டம் போட்டுத் தடுத்தார்கள், சாவு நிற்கவில்லை. 2015 ஜனவரி 31 அதிகாலை ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, பக்கத்து ஷெட்டில் தூங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளிகள் கழிவுச் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். பெரும்பாலோர் வங்காளத்திலிருந்து வந்த ஏழைகள். தாங்காத சுவருக்கு அடியில் படுக்க வைத்தவர்கள் வேறு யாரோ. குழிக்குள் கயிறு கட்டி இறக்கப்படுகிறவனும், கயிறு கட்டாமல் ட்ரஸ் உச்சிக்கு ஏற்றப்படுகிறவனும் பெரும்பாலும் ஒரே தெருவுக்காரன். ஆழமும் உயரமும் அவனுக்கு. நடுவில் இருக்கிற சமதரை மற்றவர்களுக்கு.

"இன்னாண்ணா, பெல்ட்டு கீதா?" என்று ஒரு தம்பி கேட்டால், "ரெண்டு நிமிஷ வேலைடா, ஏறு" என்கிற பதில் நம் மேடைகளிலும் கேட்கிறது. அதுதான் எனக்கு வலிக்கிறது. ஊர்த் திருவிழாவில் கேட்டால் எதிர்த்து எழுதுவோம். சமத்துவம் பேசுகிற மேடைக்கு முந்தின நாள் ராத்திரி ஒரு மணிக்கு, சோறு ஆறிப்போய்க் கிடக்க, பெல்ட்டும் ஹெல்மெட்டும் இல்லாமல் இருபதடி உயரத்தில் ஒருத்தன் போல்ட் முடுக்குகிறான். மறுநாள் அந்த மேடையில் நின்றுகொண்டு உழைப்பின் மாண்பைப் பேசுகிறோம்.

தோழர்கள் சிலர் மறுத்துச் சொல்வார்கள். ஒன்று, காசு. பத்தும் இருபதுமாக ரசீது போட்டு வசூல் பண்ணி நடத்துகிற கூட்டத்தில் இதற்கெல்லாம் ஏது பணம்? சரி, அப்படியானால் தொங்கவிட வேண்டாம். ஆயிரம் இரண்டாயிரம் பேர் திடலுக்குப் பெட்டிகளைத் தரையில் ஸ்டாண்டில் வைத்து, நடுவில் இரண்டு பெட்டி கூடுதலாக வைத்தால் கடைசி ஆளுக்கும் கேட்கும். தொங்காத பாரம் தலையில் விழாது. ஸ்டாண்டும் சாயாமல் அகலக் கால் போட்டுக் கட்ட வேண்டும், அவ்வளவுதான். பக்கத்து ஊர்க்காரன் தொங்கவிட்டான், நமக்கும் கெத்தாக இருக்க வேண்டும் என்பதற்காகத் தொங்கவிடுவதை விடலாம்.

இன்னொரு மறுப்பு கனமானது. "பாதுகாப்பு என்று நாமே பேச ஆரம்பித்தால், அதையே சாக்காக வைத்து நம் கூட்டத்துக்கு அனுமதி மறுப்பார்கள்." இந்தப் பயம் பொய்யில்லை. சட்டம் ஒழுங்கு என்ற ஒரே சொல்லில் எத்தனை கூட்டம் நின்றுபோயிருக்கிறது என்று நமக்குத் தெரியும். 2025 செப்டம்பர் 27-இல் கரூரில் 41 பேர் நெரிசலில் செத்தபிறகு எல்லாக் கூட்டத்துக்கும் நிபந்தனை பற்றிய பேச்சு கூடிவிட்டது. நிபந்தனை யார் கழுத்தில் முதலில் இறுகும் என்றும் தெரியும். என் பதில் இதுதான்: நம் மேடையில் ஒரு பெட்டி விழுந்து ஒரு பிள்ளை செத்தால், அதற்குப் பிறகு அனுமதி மறுக்க அவர்களுக்குச் சாக்கே தேவைப்படாது. அவர்கள் விதி எழுதுவதற்கு முன்னால் நாம் எழுதிக் கையில் வைத்திருக்க வேண்டும். எடைக்கணக்கும் கையெழுத்தும் கையில் இருந்தால் மறுக்கிறவன்தான் காரணம் தேட வேண்டும். பாதுகாப்பை அதிகாரிக்குப் பயந்து செய்ய வேண்டாம். நம் ஆள் செத்துப்போகக் கூடாது என்பதற்காகச் செய்வோம்.

எனவே, நம் மேடைகளுக்கு நாமே விதித்துக்கொள்ள வேண்டியவை என்று நான் முன்வைப்பவை:

1. தொங்கும் ஒவ்வொரு பொருளின் எடையும் காகிதத்தில் இருக்க வேண்டும். தாங்கும் ட்ரஸ், பெல்ட், ஷாக்கிள் ஒவ்வொன்றும் தாங்கும் அளவும் பக்கத்திலேயே எழுதப்பட வேண்டும். அளவு எழுதாத சாமான் மேலே போகக் கூடாது.

2. எல்லாப் பாரத்துக்கும் இரண்டாவது பிடி, தனி எஃகு வடத்தில்.

3. தூக்கும்போதும் இறக்கும்போதும் அடியில் ஒருவரும் நிற்கக் கூடாது. மேடைத் தலைவராக இருந்தாலும்.

4. ஏறுகிறவருக்கு முழு உடல் பெல்ட், ஹெல்மெட், இரண்டு கொக்கி. ஒன்றைக் கழற்றுமுன் இன்னொன்று மாட்டியிருக்க வேண்டும். ராத்திரித் தூக்கம் கெட்டவரை ஏற்றக் கூடாது. 18 வயதுக்குக் கீழே யாரையும் ஏற்றக் கூடாது.

5. காற்று எழும்பினால் பாரத்தை இறக்கவும், கூட்டத்தை நகர்த்தவும், நிகழ்ச்சியை நிறுத்தவும் ஒரே ஒருவருக்கு அதிகாரம் கொடுத்து, அவர் யார் என்று முன்கூட்டியே எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டும். அவர் பேச்சாளராக இருக்கக் கூடாது. அவர் கை காட்டினால் தலைவர் பேச்சும் பாதியில் நிற்க வேண்டும்.

6. வசூல் கணக்கில் இதற்கென்று ஒரு வரி. ஏறுகிறவருக்குக் காப்பீடு. விபத்து நடந்தால் முதல் பொறுப்பு கூட்டம் கூட்டிய அமைப்புக்கு என்று எழுத்தில்.

பொறியியல் படிக்கிற நம் மாணவர்கள் இதில் வந்து நிற்க வேண்டும். கோணமும் விசையும் முதலாம் ஆண்டுப் பாடம். பரீட்சைத் தாளில் எழுதியதைத் திடலில் வந்து ஒரு தடவை போட்டுக் காட்டுங்கள். செட்டுக்கார அண்ணன்களுக்குச் சொல்லிக் கொடுக்கிற தோரணையில் போகாதீர்கள். கையால் இறுக்கம் பார்த்தே போல்ட்டின் நிலையைச் சொல்கிற ஆட்கள் அவர்களில் இருக்கிறார்கள். அவர்கள் கை அனுபவமும் உங்கள் கணக்கும் ஒரே காகிதத்தில் வர வேண்டும்.

நோட்டீசில் தலைமை, முன்னிலை, சிறப்புரை, நன்றியுரை என்று ஒரு முழம் பெயர் போடுகிறோம். அடுத்த ஏப்ரல் 14 நோட்டீசில், அவருக்குச் சம்மதம் இருந்தால், மேலே ஏறிக் கட்டினவர் பெயரையும் போடுவோம். அவருக்குப் பக்கத்தில், அந்த எடைக்குக் கையெழுத்துப் போட்ட அமைப்பாளர் பெயரும் இருக்க வேண்டும்.